குழல் வாசல்

கொசுத்தேனீ வளர்ப்பில் கைதேர்ந்த ஆளைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. அவர் கூட்டைத் திறந்து காட்டமாட்டார். வாசலுக்கு நேராக நம்மைக் குந்த வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் குந்திக்கொள்வார். தாழ்வாரத்தில் தொங்கும் மூங்கில் துண்டின் முனையிலிருந்து ஒரு கறுப்புக் குழல் வெளியே நீண்டிருக்கும், விரற்கடை அளவுக்கு. பார்க்க வேண்டியது அதைத்தான். உள்ளே நடப்பதெல்லாம் அந்த வாயில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டியைத் திறக்கும் அவசியம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வரும்.

குழலின் விளிம்பு இளகலாக, வெளிர் பழுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டுகிறதா? கூடு செழிப்பாக இருக்கிறது. வாசலை அன்றாடம் புதுப்பிக்க ஆளும் பிசினும் மிச்சம் இருக்கிறது. விளிம்பு காய்ந்து வெடித்து, அடிக்குழலைப் போலவே கறுத்துவிட்டதா? உள்ளே ஏதோ தேய்கிறது. வாயைச் சுற்றிக் காவல் ஈக்களின் தலைகள் வளையமாகத் தெரியவேண்டும். நிழல் விழுந்தால் அத்தனையும் ஒரே கணத்தில் உள்வாங்கி, சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும். வந்திறங்கும் ஈக்களின் பின்னங்காலைப் பார்க்கவேண்டும். மஞ்சளும் வெள்ளையும் ஆரஞ்சுமாக மங்கலாகத் தெரிந்தால் பூம்பொடி. ஈரப் பளபளப்போடு இருந்தால் பிசின். காலில் ஒன்றுமில்லாமல் வயிறு மட்டும் உப்பி வருகிறவை தேனோ தண்ணீரோ கொண்டுவருகின்றன. சில ஈக்கள் உள்ளிருந்து சிறு உருண்டைகளை வாயில் கவ்வி வந்து, பறந்துபோய்த் தொலைவில் போட்டுவிட்டுத் திரும்பும். அது குப்பை. குப்பை வெளியே போய்க்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. வாசலுக்குக் குறுக்கே சிலந்தி வலை பின்னி, அது அறுபடாமலும் இருந்தால், அந்தக் கூட்டைப் பற்றிப் பேச அதிகம் மிச்சமில்லை.

இந்த வாசிப்பைப் பழக வண்டன்மேட்டில் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகள் விடியலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு வந்து சேரும் ஊர் இது. ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். தமிழர்கள் கொசுத்தேனீ என்பார்கள், மலையாளிகள் செறுதேனீச்சை என்பார்கள். இருவர் வீட்டிலும் அது ஏற்கெனவே குடியிருக்கும்: மின்சார மீட்டர் பெட்டியில், கதவு நிலையின் இடுக்கில், பழைய லயத்தின் கல்சுவரில், கேட்டுக்கு நட்ட இரும்புக் குழாயில். பெரும்பாலோர் அதை ஏதோ பூச்சி என்று விட்டிருப்பார்கள். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். வளர்ப்பைத் தொடங்க நினைக்கிறவர் முதலில் வாங்கவேண்டியது எதுவுமில்லை. பனி விலகி வெயில் உறைக்கும் பத்து மணி வாக்கில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும்.

நான்கு மில்லிமீட்டர் நீளம் இருந்தால் பெரிது. கறுப்பு உடல், வானவில் மினுங்கும் இறக்கை. இலங்கையில் கிடைத்த மாதிரியை வைத்து இதற்கு ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் ஸ்மித் 1854-இல் பெயர் கொடுத்தார். இன்றைய வகைப்பாட்டில் அது டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். 2019-இல் கேரளத்திலிருந்து டெட்ராகோனுலா டிராவன்கோரிகா என்று அதன் நெருங்கிய உறவு ஒன்றைப் பிரித்து விவரித்தார்கள். மீட்டர் பெட்டியில் இருப்பது இரண்டில் எது என்று வெறுங்கண்ணால் நமக்குச் சொல்ல முடியாது, வளர்ப்புக்கு அது தேவையுமில்லை. உலகத்தின் வெப்பநாடுகளில் இந்தக் குலத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நியூஜெர்சியில் கிடைத்த அம்பரில் சிக்கியிருந்த ஒன்று டைனோசர்கள் இருந்த காலத்தது என்கிறார்கள். கொடுக்கு இவற்றுக்குத் தேய்ந்து பேருக்கு இருக்கிறது, கொட்டாது. ஆனால் சாது என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகும். காது, மூக்கு, இமை ஓரம் என்று தேடிக் கடிக்கும். பிசினை அப்பிவிட்டுப் போகும். மொட்டைத் தலையர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் தலையில் ஒரு துண்டு கட்டிக்கொள்வது நல்லது.

திறந்த கூட்டை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அடுக்குத் தேனீயின் அடையில் காணும் அறுகோண ஒழுங்கு இங்கே கிடையாது. உருண்டையும் நீளுருண்டையுமாகக் கறுப்புப் பழுப்புக் குடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும். இடையிடையே தூண்கள், நடைபாலங்கள். ஓரிடத்தில் வெளிர்நிறச் சிற்றறைகள் கொத்தாகத் தொங்கும். சற்று நேரம் பார்த்தால் வீட்டின் பகுப்பு விளங்கத் தொடங்கும். அந்தச் சிற்றறைக் கொத்துதான் முட்டையும் புழுவும் வளரும் பகுதி, வீட்டின் நடு. அதை ஒட்டிப் பூம்பொடிக் குடங்கள். அதற்கப்பால், வாசலுக்குத் தூரமாக, தேன் குடங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுமானப் பொருள்: வயிற்றில் சுரக்கும் மெழுகும் மரங்களிலிருந்து சுமந்துவந்த பிசினும் குழைத்த கறுப்பு மெழுகு. பலாவின் பாலோ, மாவின் பிசினோ, குங்கிலியமோ, அந்தந்தத் தோட்டத்தில் எது கசிகிறதோ அது. கலவையின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். குஞ்சு அறைகளுக்கு மெல்லிய, மெழுகு கூடுதலான கலவை. வெளிச்சுவருக்கும் வாசலுக்கும் பிசின் மிகுந்த, காய்ந்தால் இறுகும் கலவை. பர்மாவில் இந்தக் குலத்து ஈக்களின் பிசினைப் படகின் இடுக்கடைக்கப் பயன்படுத்தி வந்தார்கள். அதன் உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

குஞ்சு அறை கட்டுவதுதான் எனக்கு இந்தக் கைவேலையில் ஆகப் பிடித்தது. அடுக்குத் தேனீ புழு பொரித்த பிறகு நாள்தோறும் ஊட்டுகிறது. கொசுத்தேனீ அப்படிச் செய்வதில்லை. அறையைக் கட்டி முடித்ததும் பல வேலைக்கார ஈக்கள் முறைவைத்து வந்து உள்ளே உணவைக் கக்கி நிரப்புகின்றன. ராணி வந்து அந்தக் குழம்பின்மேல் ஒரு முட்டையை நிற்க வைக்கிறாள். உடனே வாயை மூடி மெழுகு வைத்துவிடுகிறார்கள். அந்தப் புழுவுக்குத் தேவையான மொத்தச் சாப்பாடும் அந்த ஒரு பரிமாறலோடு சரி. ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து முழு ஈயாக வெளிவந்த பின் அறையைப் பிய்த்து மெழுகை வேறிடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பயன்படுத்திய அறை மறுபடி பயன்படாது. புதிதாகக் கட்டியவை கருமையாக இருக்கும். உள்ளே கூட்டுப்புழு ஆகும்போது மேல்மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுவதால் முதிர்ந்தவை வெளிறித் தெரியும். இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கூடு பிரிக்கும் கலையில் பாதி வந்துவிட்டது.

மறுபாதி, இவை குடித்தனம் பிரியும் முறையைப் புரிந்துகொள்வது. அடுக்குத் தேனீயில் பழைய ராணி படையோடு வெளியேறி, வீட்டை மகளுக்கு விட்டுப் போவாள், போனால் போனதுதான். கொசுத்தேனீயில் தாய் நகரமாட்டாள். வயிறு பெருத்து, பறக்கும் திறனை இழந்தவள் அவள். மகள்தான் புதுவீடு போகிறாள். அதற்கு முன்பே வேலைக்கார ஈக்கள் பொந்து பார்த்து, இடுக்கடைத்து, வாசல் குழல் வைத்து, தாய்வீட்டுக் குடங்களிலிருந்து மெழுகையும் தேனையும் பூம்பொடியையும் சுமந்துபோய் அடுக்குகின்றன. மகள் குடியேறிய பிறகும் வாரக்கணக்கில் போக்குவரத்து நிற்பதில்லை. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குத் தலைத் தீபாவளி, ஆடிச் சீர் என்று பிறந்த வீட்டிலிருந்து மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பதைப்போல. இதனால்தான் புதுக்கூடு தாய்க்கூட்டுக்கு வெகுதொலைவில் அமைவதில்லை. வளர்ப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நல்ல கூடு தொங்கும் தாழ்வாரத்திலேயே, உள்ளே பழைய மெழுகைத் தடவிய ஒரு வெற்று மூங்கிலையோ சட்டியையோ நாலடி தள்ளிக் கட்டி வைத்தால், காலம் வரும்போது தாமே குடியேறக்கூடும். மலையாளத்தில் இதைக் கெணிக்கூடு என்பார்கள். சாயங்காலங்களில் கூட்டின் முன் ஆண் ஈக்கள் திரளாக மிதப்பதும் பக்கத்துக் கொம்பில் மொய்த்து உட்காருவதுமாக இருந்தால், உள்ளே ஒரு புது ராணி தயாராகிறாள் என்று அர்த்தம். தெரியாதவர்கள் அதைக் கூடு ஓடப்போகிறது என்று பயந்து வாசலை அடைத்துவிடுவார்கள்.

பாத்திரத்தில் ரசனை பிரிகிறது. மண்சட்டிக்காரர்கள், தேங்காய்ச் சிரட்டைக்காரர்கள், மரப்பெட்டிக்காரர்கள், மூங்கில்காரர்கள் என்று நான்கு கட்சி. சிரட்டையை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது பிரித்த குஞ்சுக் கொத்தை நாலு நாள் வைக்க உதவும், குடும்பம் நடத்த இடம் போதாது. நன்கு வளர்ந்த கூட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கொள்ளும் வெற்றிடம் வேண்டும். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் சூட்டைக் காக்க முடியாமல் தவிக்கும். சிறிதாகக் கொடுத்தால் தேன் வைக்க இடமிராது. மண்சட்டி அழகு. உறியில் தொங்கும் சட்டியின் வயிற்றில் ஒரு கறுப்புக் குழல் நீண்டிருப்பதைப்போல் கண்ணுக்கு இதமானது வேறில்லை. நாகர்கோவில் பக்கத்திலும் திருவனந்தபுரத்துச் சமவெளியிலும் அது பொருத்தம். வெயிலில் குளிர்ச்சி தரும். வண்டன்மேடு கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூனில் இறங்கும் மழை மாதக்கணக்கில் விடாது. சட்டி ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளே பூஞ்சணம் பூக்க வைக்கும். அந்த மேட்டுக்குச் சட்டி வேண்டாம் என்பது என் கட்சி.

மரப்பெட்டி சௌகரியமானது. கீழே குஞ்சுக்கு ஓர் அறை, மேலே தேனுக்கு ஓர் அறை என்று பிரித்துச் செய்தால் தேன் எடுக்கும்போது குஞ்சைத் தொட வேண்டியதில்லை. பிளைவுட் கூடாது, பசை வாடை அடிக்கும், மழையில் பிரியும். உள்ளே பெயின்டும் வார்னிஷும் ஆகாது. பலகை ஒரு அங்குலமாவது தடித்திருக்கவேண்டும். குளிருக்குத் தடுப்பு அந்தத் தடிப்புதான். மேல்மூடிக்கு அடியில் கண்ணாடித் தகடு வைத்து, விருந்தாளி வரும்போதெல்லாம் மூடியைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈக்களுக்கு இருட்டு வேண்டும். கண்காட்சி வேண்டுமென்றால் மீன்தொட்டி வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு மூங்கில்தான். முற்றிய பெருமூங்கிலில் இரு கணுவும் மூடியிருக்குமாறு ஒரு கண்ணறையை அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கம்பியால் இறுக்கினால் கூடு தயார். ஊறப்போடாத மூங்கிலை உளுப்பான் தூளாக்கிவிடும். ஒருமுனைக் கணுவில் சிறுவிரல் பருமனுக்கு ஒரு துளை வாசல். மறுமுனைப் பக்கம் ஊசி நுழையும் துளை ஒன்று, ஈரம் சேராமல் இருக்க. வேண்டாமென்றால் ஈக்களே அதை அடைத்துக்கொள்ளும். பிளந்த மூங்கிலின் மேன்மை திறக்கும்போதுதான் தெரியும். புத்தகம் விரிவதைவிடச் சுத்தமாக இரண்டு பாதியாக விரியும், குஞ்சும் பூம்பொடியும் ஒரு பகுதியில், தேன் முனையில் என்று நீளவாட்டில் வரிசையாகக் கிடக்கும். பிரிப்பதென்றால் இந்தப் பாதி இங்கே, அந்தப் பாதி அங்கே, ஆளுக்கொரு வெற்றுப் பாதியைச் சேர்த்துக் கட்டவேண்டியதுதான். இத்தனை ஒழுங்கான பாத்திரத்தை ஏலத்தோட்டத்து ஓடைக்கரையில் இயற்கை சும்மா நட்டு வைத்திருக்கிறது.

சுவரிலிருக்கும் கூட்டைக் கொண்டுவருவதில் ஆள் எப்படிப்பட்டவர் என்பது வெளிப்படும். அவசரக்காரர் சுவரை உடைப்பார். குடங்கள் உடைந்து தேனும் பூம்பொடியும் வழிய, அந்த வாடைக்கு எறும்பும் ஃபோரிட் ஈ என்கிற சின்னஞ்சிறு ஈயும் வந்து இறங்கும். அந்த ஈ இட்ட முட்டை புழுத்தால் சில நாளில் கூடு முழுக்க அழுகிப்போகும். உடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் உடைந்த பூம்பொடிக் குடம் ஒன்றைக்கூடப் புதுக்கூட்டில் வைக்கக்கூடாது. குஞ்சுக் கொத்தை மட்டும் நசுங்காமல் எடுத்து வைத்து, ராணியைத் தேடிப் பிடித்து, எல்லா இடுக்கையும் மெழுகாலோ களிமண்ணாலோ அன்றைக்கே அடைத்துவிட வேண்டும்.

பொறுமைக்காரர் வழி வேறு. சுவரில் வேறெந்த ஓட்டையும் மிச்சமில்லாமல் பூசிவிட்டு, வாசல் துளையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக ஒரு வெற்றுக்கூட்டுக்குள் பாதை கொடுப்பார். அந்தக் கூட்டின் மறுபக்கம் வெளியே போக ஒரு துளை. சுவரிலிருந்த கறுப்பு வாசல் குழலைப் பெயர்த்து இந்தப் புதுத் துளையில் ஒட்டிவிடுவார். ஈக்களுக்கு வீட்டு வாடை தெரிய வேண்டுமே. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவை அந்த வெற்றறையைக் கடந்துதான் ஆகவேண்டும். முதல் சில நாள் தயங்கும். அப்புறம் அதை வீட்டின் ஒரு அறையாகவே ஏற்றுக்கொண்டு மெழுகு பூசத் தொடங்கும், குடம் கட்டும். பல மாதங்கள் கழித்து அங்கே குஞ்சறைகள் தோன்றினால் குழாயை அறுத்துவிடலாம். தோன்றாவிட்டால் வேறொரு கூட்டிலிருந்து ராணி அறையோடு ஒரு குஞ்சுக் கொத்தை வைத்துக் கொடுக்கவேண்டும். சுவர்க் கூடும் பிழைத்தது, புதுக்கூடும் வந்தது. மீட்டர் பெட்டியைப் பொறுத்தவரை மின்வாரியத்து ஆளைக் கூப்பிடாமல் கை வைக்கவேண்டாம்.

பிரிப்பதற்கு மழை ஓய்ந்து, கோடைப் பூக்காலம் பிடிப்பதற்கு முந்திய மாதங்கள் நல்லவை. குஞ்சுக் கொத்தின் ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும் அறை ராணி அறை. தாய் ராணி இருக்கும் பக்கம் இளங்கரும் அறைகள், ராணியில்லாத பக்கம் வெளிறிய முதிர் அறைகளும் அந்த ஒரு ராணி அறையும் என்று பிரித்தால் இரண்டும் பிழைக்கும். முதிர்ந்தவை சீக்கிரம் ஈயாகி வேலைக்கு வந்துவிடும் என்பதுதான் கணக்கு. இளம் அறையில் முட்டை குழம்பின்மேல் நிற்கிறது. தலைகீழாகக் கவிழ்த்தால் மூழ்கிச் செத்துவிடும். ஆகவே கையிலெடுத்த கொத்து எந்தப் பக்கம் மேல் என்பதை மறக்கக்கூடாது. பழைய இடத்திலேயே இரண்டையும் அருகருகே தொங்கவிட்டால் வெளியே போயிருந்த ஈக்கள் இரண்டிலுமாகப் பிரிந்து சேரும். ராணி அறை இல்லாத கூட்டைப் பிரிக்கவே கூடாது. நல்ல கை உள்ளவர் அன்றைக்கு மூங்கிலைத் திறந்து, தேடி, இல்லையென்று கண்டு, அப்படியே மூடிக் கட்டிவிடுவார். அந்த மூடலில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஊரைப் பற்றிக் கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். கொசுத்தேனீ பறக்கும் எல்லை சில நூறு மீட்டர்தான். அந்த வட்டத்துக்குள் என்ன பூக்கிறதோ, எதன்மேல் மருந்து விழுகிறதோ அதுதான் அதன் உலகம். ஏலம் மருந்து அதிகம் குடிக்கும் பயிர். இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் என்று ஆண்டு முழுக்கத் தெளிப்பு நடக்கும். வீட்டு வாசலிலிருந்தே ஏலம் தொடங்கி நாலாபுறமும் ஏலமாகவே இருக்கிற வீட்டில் நான் யாரையும் கூடு வைக்கச் சொல்லமாட்டேன். தெளித்த அன்றே வாசல் அடியில் ஈக்கள் கறுப்பாக உதிர்ந்து கிடக்கும். பலாவும் சந்தன வேம்பும் முருக்கும் காப்பியும் கலந்து நிற்கும் பழைய தோட்டத்தின் ஓரத்தில், துளசியும் முருங்கையும் பத்துமணிப் பூவும் கொடி ரோஸும் உள்ள முற்றத்தில் வைக்கலாம். தென்கிழக்கு வெயில் காலையில் கொஞ்சம் விழும் இறவாரம், அடைமழைச் சாரல் படாத இடம், தாங்கு கம்பியில் எறும்பு ஏறாமல் இருக்கக் கிரீஸ் பூசிய துணி: இவ்வளவு போதும். தெளிப்பதைத் தவிர்க்க முடியாதென்றால் ஈக்கள் அடங்கிய மாலையில் தெளிக்கலாம்.

ஏலப்பூவுக்குப் பூம்பொடி சேர்த்து வைக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும். விடியுமுன் மலர்ந்து ஒரே நாளில் வாடும் அந்தப் பூவின் உதட்டில் உள்ள ஊதாக் கோடுகள் அவற்றுக்குத்தான் வழிகாட்டி. கொசுத்தேனீ ஏலத்தில் வந்தாலும் அதை வைத்து விளைச்சல் கூடும் என்று விற்பவர்கள் பேச்சை நம்பிப் பெட்டி வாங்கவேண்டாம். ஆனால் அடுக்குத் தேனீக்கு இல்லாத ஒரு உறுதி இதற்கு உண்டு. 1991–92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்திய அடுக்குத் தேனீக் கூடுகளைப் பெருமளவில் அழித்தபோது, மார்த்தாண்டத்திலிருந்து இடுக்கிவரை பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தபோது, சுவர் இடுக்குக் கொசுத்தேனீக்கு ஒன்றும் ஆகவில்லை.

கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவர்களுக்கு: கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணிக் கல்லூரியில் தேனீ ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கொசுத்தேனீயில் பல காலமாக வேலை செய்கிறார்கள். மேட்டுக்காரர்களுக்கு அருகில் பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையமும் சாந்தன்பாறை வேளாண் அறிவியல் மையமும் உண்டு. கீழே இறங்கினால் தேனி மாவட்டத்தில் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையம். விசாரித்துவிட்டுப் போகலாம். கூடு விலைக்கு வாங்குவதென்றால், ஏற்கெனவே மேட்டில் ஒரு மழைக்காலத்தைக் கடந்த கூடாகப் பார்த்து வாங்கவேண்டும். சமவெளியிலிருந்து ஏற்றி வந்தது முதல் ஜூலையிலேயே சுருங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். ராத்திரியில், எல்லா ஈயும் அடங்கிய பிறகு வாசலை வலைத்துணியால் கட்டி எடுத்துவரவேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து எடுத்துவந்தால் மறுநாள் பாதி ஈ பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

தேன் கடைசியில்தான் வருகிறது. ஒரு கூட்டில் ஆண்டுக்கு அரைக் கிலோ கிடைத்தால் நல்ல கூடு. அடுக்குத் தேனீப் பெட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் விலை பல மடங்கு; வைத்தியர்கள் தேடி வருவார்கள். மூங்கிலைத் திறந்து, முனையிலுள்ள தேன் குடங்களை மட்டும் வாயைக் கிள்ளி, சல்லடைமேல் சாய்த்து வைத்தால் தானே வடியும். பிழியக்கூடாது. பிழிந்தால் பூம்பொடி கலந்து கலங்கும், சீக்கிரம் புளிக்கும். மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவைக்கவேண்டும். ஜூனிலிருந்து அவை வெளியே தலைகாட்ட முடியாத நாள்கள் பல வரும், அப்போது சாப்பிட அவற்றுக்கு வேறெது இருக்கிறது? சாதாரணத் தேனைவிட நீர்த்தது இது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். சாதாரணத் தேனுக்கான சர்வதேச அளவுகோலான இருபதைத் தாண்டிவிடும். அதனால் பரிசோதனைக்கூடத்தில் இதைக் கலப்படம் என்று ஒதுக்கிவிடக்கூடும். மலேசியாவில் இந்தச் சிக்கலைத் தீர்க்க 2017-இல் தங்கள் கெலுலுட் தேனுக்கென்று தனித் தரநிலையே வகுத்துவிட்டார்கள். 2020-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய, மலேசிய, பிரேசில் கொசுத்தேனீக்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரையைக் கண்டார்கள். அது ரத்தத்தில் மெதுவாகவே கலக்கும். நம் ஊர்த் தேனுக்கும் இந்தப் பெருமையை ஏற்றிச் சொல்ல வியாபாரிகள் அவசரப்படுவார்கள். நான் நாக்கை மட்டும் நம்புகிறேன்.

நாக்குக்கு முதலில் வருவது புளிப்பு. அடுத்து இனிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் குங்கிலியத்தின் மெல்லிய கசப்பு நிற்கும். ஒரு கூட்டின் தேன் இன்னொன்றைப் போல இராது; தென்னை அருகே உள்ளதும் காப்பி அருகே உள்ளதும் வெவ்வேறு. வயதான குடத்திலிருந்து எடுத்தது கருத்து, சாராயச் சாயலில் மூக்கைத் தொடும். பெரிய கரண்டியில் குடிப்பவர்கள் இதன் ருசியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சொட்டு, உள்ளங்கையில் வைத்து, நுனிநாக்கால். மெக்சிகோவில் யுகடான் பகுதி மாயா மக்கள் இன்னும் ஒருவகைக் கொடுக்கில்லாத் தேனீயைக் குடைந்த மரத்துண்டுகளில் வளர்க்கிறார்கள், இரு முனையையும் வட்டக் கல்லோ மரமோ வைத்து அடைத்து, கூரையின்கீழ் அடுக்கி. அவர்களின் பழைய மாட்ரிட் சுவடியில் தேனீ வளர்ப்புக்கென்று தனிப் பகுதியே உண்டு. ஒரு கணு மூங்கிலையும் அவர்களுடைய மரத்துண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கையின் வேலை என்று தோன்றும். ஒருவரை ஒருவர் பாராமலே வந்த ஒற்றுமை. பாத்திரத்தைப் பற்றிய என் பிடிவாதத்துக்கு அவர்களும் ஒரு சாட்சி.

வடித்த தேனை வெயிலில் நாலைந்து நாள் துணிகட்டி வைத்து, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் புளிக்காது. சல்லடையில் மிஞ்சிய குடங்களின் மெழுகைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. தண்ணீரில் அலசி, கையால் உருட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்கலாம். அடுத்த வருடம் புதிதாகப் பிளக்கும் மூங்கிலின் உட்புறத்திலும் வாசல் துளையைச் சுற்றியும் தேய்க்க அதுதான் வேண்டும். அந்த வாடை இல்லாத வெற்று மூங்கிலில் எந்த ஈயும் எட்டிப்பார்க்காது.